போடிமெட்டில் ஒரு சட்டைக்காரி

சந்தேகம் ஒரு வியாதி என்றால், எனக்கு அது தொழில் வழியாக வந்தது. போடிநாயக்கனூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறோம். அவர் செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப்பில் மலையேறி, தோட்டங்களில் காய் பார்த்து வாங்கி வருவார். நான் கடையில் உட்கார்ந்து, வந்த காயைச் சந்தேகப்படுவேன். பச்சை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால், சாயம் ஒட்டுகிறதா என்று ஈரத்துணியில் தேய்த்துப் பார்ப்பேன். காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே விதை இருக்கிறதா என்று கேட்பேன். இருபது வருடமாக இதையே செய்துவந்த ஒருத்தி கையில் போனைக் கொடுத்து உலகத்தைக் காட்டினால் என்ன ஆகும்? என் மானம் போகும். (நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் மதினி சொன்னால் இன்னும் இரண்டு முழம் சேர்த்துச் சொல்வார்.)

கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் நித்யாதான் அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். திறந்ததும் ஏதோ ஒரு ரோட்டில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஊர் பேர் சொல்லாது. சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், ரோட்டில் முன்னும் பின்னும் போகலாம். பார்த்துவிட்டு, இது எந்த இடம் என்று உலகப் படத்தில் குறி வைக்க வேண்டும். எவ்வளவு கிட்டத்தில் வைக்கிறோமோ அவ்வளவு மதிப்பெண். ஒரே இடங்களை அவள் ஹாஸ்டலில் இருந்தும் நான் கடையில் இருந்தும் ஆடுவோம்.

முதல் மாதம் நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பச்சையாக மலை தெரிந்தால் மூணாறு, வறண்டு கிடந்தால் ஆண்டிபட்டி, அவ்வளவுதான் என் உலகம். ஆண்டிபட்டி என்று நான் அடித்துச் சொன்ன இடம் ஆஸ்திரேலியா என்று வந்தது. (அதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.) பிறகு காய் பார்க்கிற கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். வண்டி எந்தப் பக்கம் போகிறது, மின்கம்பம் என்ன உயரம், மண் என்ன நிறம், கதவை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒன்றையும் நம்பாமல் பார்த்தேன். மதிப்பெண் ஏறியது. "அம்மா, நீ போலீசுல சேந்திருக்கணும்" என்றாள் நித்யா. அந்தப் பாராட்டு தலைக்கு ஏறிவிட்டது.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். நித்யா தமிழ்நாடும் கேரளாவும் மட்டும் வருகிற மாதிரி ஓர் ஆட்டம் அனுப்பியிருந்தாள். மூன்றாவது இடத்தில் பனிமூட்டம், ஈரமான ரோடு, ஒரு பெட்டிக்கடைச் சுவரில் மலையாள எழுத்து. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, நம்ம போடிமெட்டு! குறி வைக்கப் போனவள், கடை ஓரத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

வண்டி நம்பரை அழித்திருந்தார்கள். ஆனால் பின்னால் தொங்கிய மாற்றுச் சக்கரத்துக்கு மஞ்சள் சூரியகாந்திப் பூப் போட்ட உறை. எங்கள் வீட்டு ஜன்னல் திரை கிழிந்தபோது நானே வெட்டித் தைத்தது. உலகத்தில் வேறு எந்தச் சக்கரத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது.

ஜீப்புக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். முகம் யாருக்கு வேண்டும்? அந்த உச்சி வழுக்கையை நான் கல்யாணத்துக்கு மறு வருடத்திலிருந்து பார்த்து வருகிறேன். அவர் தனியாக இல்லை. பக்கத்தில் ஒரு பொம்பளை. கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, லுங்கி, தலையில் துண்டு. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள் உடுத்துகிற உடுப்பு. அவள் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறாள். இவர் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கியிருக்கிறார்.

ரோட்டில் ஒரு அடி முன்னால் போனேன். இப்போது அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொரு அடி போனேன். ஒரு டம்ளரை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். அவள் நிமிரவே இல்லை. வெட்கமாம்! வெட்கத்தில் இவ்வளவு குனிவார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்துநாலு வருடத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் அவர் கையால் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

நித்யா அந்த இடத்துக்கு ஐந்தே நொடியில் குறி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அப்பாவைக் கவனிக்கவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளை மனசு கெட வேண்டாம் என்று மூன்று படத்தையும் போனில் பிடித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். படம் என்றைக்கு எடுத்தது என்று விளையாட்டில் போடவில்லை. சந்தேகப்படுகிறவளுக்குத் தேதி எதற்கு?

அன்றிலிருந்து துப்பறிதல். சட்டையை மோந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம். போடியில் இது ஒரு பெரிய இடைஞ்சல்; நல்லவன், கெட்டவன் எல்லாரும் ஏலக்காய் வாசம்தான் அடிப்பார்கள். சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"மெட்டுல டீ எங்க குடிப்பீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. "எங்கயாவது குடிப்பேன். ஏன்?"

"சும்மாதான். அந்தப் பெட்டிக்கடையிலயா?"

"எந்தப் பெட்டிக்கடை? அங்க என்ன இருக்கு? சோத்தப் போடு."

முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். சாயம் துணியில் ஒட்டிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மதினியிடம் போனேன். பாண்டியம்மா மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார். கூடப் பிறந்தவனுக்காகப் பரிந்து பேசுவார் என்று பயந்துகொண்டேதான் படத்தைக் காட்டினேன். மதினி கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"ஏ சாந்தி, எந்தம்பிதான். உச்சி தெரியுதுல்ல."

"அவள பாருங்க மதினி."

"என்னத்தப் பாக்க? இடுப்பு உரலு கணக்கா இருக்கு. நிக்கிற நிலையும் சரியில்ல. இவகிட்ட என்னத்தக் கண்டான்?"

எனக்கும் அதுதான் ஆத்திரம். அழகியாக இருந்தாலாவது ஒரு மாதிரி சமாதானம் ஆகியிருப்பேன். "கழுத்தே இல்ல மதினி" என்றேன். "பன்றி மாதிரி முதுகு" என்றும் சொன்னேன். (சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.) அழுகை வந்துவிட்டது. மகளுக்கு என்ன பதில் சொல்வேன், இந்தக் கடையில் எப்படி அவர் பக்கத்தில் உட்காருவேன் என்று புலம்பினேன். விளையாட்டில் வைத்த குறி தப்பினால் மதிப்பெண்தான் போகும். இது என் வீடு.

"நேர்ல போயிருவோம்" என்றார் மதினி. "ஆனா எனக்கு மலையேறுனா கொமட்டும் பாத்துக்க."

"எனக்கெல்லாம் வராது மதினி" என்றேன்.

இது என் பழைய பெருமை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அடிவாரத்து முந்தல் தாண்டி மலை தொடங்கும்போதே வாந்தி தொடங்கிவிடும். நான் மட்டும் பதினேழு வளைவையும் அசையாமல் கடந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் மெட்டு தாண்டிச் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டக்காரரின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வீட்டுக்காரரோடு ஜீப்பில் போய் வந்தேன். அதுதான் ஆதாரம். கிளம்பும்போது முன்னெச்சரிக்கையாக இரண்டு வாந்தி மாத்திரை போட்டிருந்தேன். (வராதவள் ஏன் போட்டாள் என்று கேட்கக் கூடாது.) அதில் வழியெல்லாம் தூக்கம். வண்டி ஏறியதும், வீட்டுக் கட்டிலில் விழித்ததும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் பாயசம் குடித்த மாதிரி ஒரு நினைப்பு. விருந்து சுமார், பாயசம் மட்டும் பிரமாதம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, வீரபாண்டி கோவிலுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். "நானும் வரட்டா?" என்று கேட்டார் பாவி மனுசன். வேண்டாம் என்றேன். மாத்திரையும் போடவில்லை, போய்ச் சண்டை போட நல்ல தெளிவு வேண்டும் என்று.

மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் எள் போட்டால் விழாத கூட்டம். ஐந்தாவது வளைவில் எனக்கு லேசாக வேர்த்தது. கோபம் என்று நினைத்தேன். பத்தாவதில் கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. மதினி ஜம்மென்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

மெட்டில் இறங்கியதும் கடையைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. அதே சுவர், அதே எழுத்து. உள்ளே ஒரு பொம்பளை டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அதே கட்டம் போட்ட சட்டை! ஆனால் வயது அறுபதுக்குக் குறையாது. எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. போயும் போயும் அறுபதா?

போனை நீட்டினேன். "இந்த ஆளத் தெரியுமா?"

"நல்லா அறியும்! போடிச் சேட்டன் அல்லே?" என்று அந்த அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "எல்லாச் செவ்வாயும் வரும். எந்தா சேச்சி, உட்காரு."

"உக்கார வரல. பக்கத்துல நிக்கிறது யாரு? நீதான?"

அந்த அம்மா படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "சட்டை என்டெ தான். ஆளு நான் அல்ல."

"அப்ப யாரு? சொல்லு! எனக்குத் தெரிஞ்சாகணும். நான் அவருக்குத் தாலி கட்டின..."

தாலி கட்டின பொண்டாட்டி என்று முடிக்க வேண்டும். முடிக்க முடியவில்லை. பதினேழு வளைவும் ஒன்றாகத் திரும்பி மேலே வந்தன. ஓடிப் போய் ரோட்டோரக் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தேன். பின்னாலேயே வந்து ஒரு கை என் நெற்றியைத் தாங்கியது.

"அய்யோ!" என்றது தலைக்கு மேலே அந்தக் குரல். "இது அந்தச் சேச்சி அல்லே! அன்னும் இதே கல்லு!"

நான் குனிந்தபடியே இருந்தேன். நிமிர எனக்குத் தைரியம் இல்லை.

மதினிதான் விசாரித்தார். அந்த அம்மா பேர் லீலாம்மா. எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். "பட்டுச்சேலை கெட்டுப்போகும்னு சேட்டன் பயந்துபோச்சு. நான் என்டெ சட்டையும் லுங்கியும் மேல கட்டிவிட்டேன். மூணு மணிக்கூர் நேரம் இந்த பெஞ்சுல சேச்சி தலைய மடியில வச்சு இருந்தாரு. பால்காய்ப்புக்கு எவிட போனாரு? போகவே இல்ல. நான் கஞ்சித் தண்ணில சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். சேச்சி பாதி உறக்கத்துல ரெண்டு கிளாஸ் குடிச்சு, பாயசம் நல்லாருக்குன்னு சொல்லிச்சு!"

மதினிக்கு அது போதவில்லை. சந்தேகம் தீர வேண்டுமாம். லீலாம்மாவின் சட்டையை வாங்கி எனக்கு மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, கல் பக்கத்தில் திரும்பிக் குனியச் சொல்லிப் படம் எடுத்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இடுப்பு ஒத்துப்போகுது" என்று தீர்ப்புச் சொன்னார். நான் வீடு திரும்புவதற்குள் அந்தப் படம் கோயம்புத்தூருக்கும் போய்விட்டது, என் வீட்டுக்காரர் போனுக்கும் போய்விட்டது.

அவர் கடையில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல சாந்தி?"

"கேட்டேனே. டீ எங்க குடிப்பீங்கன்னு."

"அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? வாந்தியே வராதுன்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிற. விருந்துல பாயசம் குடிச்சேங்குற. அந்தக் கடைப் பேச்ச எடுத்தா எல்லாம் வெளிய வந்துரும்னுதான், நாலு வருசமா உன்ன அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போகாம இருந்தேன்."

என் பொய்ப் பெருமையை என்னைவிடப் பத்திரமாக அவர் காப்பாற்றி வைத்திருந்தார். நான் அதை எடுத்து அவர் மேலேயே தேய்த்துப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன். அதற்கப்புறம்தான் அவர் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கடைக்கு வந்த ஆள் என்ன சங்கதி என்று கேட்க, பூராவையும் சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். நித்யா அவளைச் சித்தி என்கிறாள். போன் பண்ணினால், "சித்தி சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பாள். மதினி எல்லாக் கல்யாண வீட்டிலும் என்னை உட்கார வைத்துக்கொண்டே கதையைச் சொல்கிறார். பன்றி முதுகை விடாமல் சொல்கிறார். வீட்டுக்காரருக்கு நான் மூத்தவள், சட்டைக்காரி இளையவள். நான் கத்த ஆரம்பித்தால், "இளையவ இருந்தா இப்பிடியா பேசுவா? தலையக் குனிஞ்சா நிமிரவே மாட்டா" என்பார்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். கடையை அடைத்துவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தார். எடுக்கவில்லை. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன்.

"இது யாருக்கு? மூத்தவளுக்கா, இளையவளுக்கா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாமப் படுங்க" என்றார்.