மூன்று பெட்டி வித்தியாசம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் நலமா என்று விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். இங்கே உங்கள் அத்தை நலம். நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள். மரியாதை குறையாமல் மாப்பிள்ளையைத் திட்டுவது எப்படி என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை. எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

பெரியக்கா வேலையை விட்டுப் போகிறார். நம் கண்ணாடிப் பாத்திரக் குடோனில் இருபத்திரண்டு வருஷமாக பேக்கிங்கை நடத்துகிறவர். அவர் தாள் சுற்றி வைத்த டம்ளர் லாரி கவிழ்ந்தாலும் உடையாது. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தை என் முன்னால் வைத்து, "மாசக் கடைசி வரைக்கும் வர்றேன் மொதலாளி" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதானே உங்கள் சட்டம்?

மனோதத்துவ ஆராய்ச்சி, பாராட்டினால் வேலை கூடுமா என்று பார்க்க வேண்டும், உங்க ஆளுங்களைக் கொஞ்சம் கொடுங்க மாமா என்றீர்கள். மகளைக் கொடுத்த இடம், மறுக்க முடியுமா, கொடுத்தேன். இருபத்து நான்கு பேரையும் சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு மேஜையாகப் பிரித்தீர்கள். தினமும் காலையில் முதல் மேஜையை நான் பாராட்ட வேண்டும், இரண்டாம் மேஜைப் பக்கம் வாயைத் திறக்கக்கூடாது, காரணத்தையும் சொல்லக்கூடாது. முப்பது வருஷத்தில் நான் யாரையும் பாராட்டியதில்லை, சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும், அதுதான் என் பாராட்டு. கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "யாரை அப்படிப் புகழ்றீங்க? நானும் இந்த வீட்லதான் இத்தனை வருஷமா ஆக்கிப் போடுறேன்" என்று அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். முதல் நாள் ஒருவனிடம் "ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க" என்றதும் அவன் முகம் வெளுத்து, "என்னை நிறுத்தப் போறீங்களா மொதலாளி?" என்கிறான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பன்னிரண்டு நாளும் சிரித்தேன் மாப்பிள்ளை, தாடை வலித்தது. சீட்டில் பெரியக்கா பெயர் இரண்டாம் மேஜைக்கு விழுந்துவிட்டது. அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

முடிவு வந்தது. பாராட்டிய மேஜையில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி நாற்பத்தாறு பெட்டி, பாராட்டாத மேஜையில் நாற்பத்து மூன்று. அப்பாடா, பட்ட பாட்டுக்கு மூன்று பெட்டியாவது கூடியதே என்று நான் நிமிர்ந்தால், போனில் நீங்கள், "அது வித்தியாசமே இல்ல மாமா" என்கிறீர்கள்! மூன்று பெட்டி வித்தியாசம் இல்லையென்றால் லாரியில் ஏற்றும்போது அதை உங்கள் மடியில் வைத்து அனுப்பட்டுமா? ஆளுக்கு ஆள் ஏழு எட்டுப் பெட்டி முன்னே பின்னே இருக்கிறது, பாராட்டுக்கு ஒரு பலனும் இல்லையென்றாலும் இந்த அளவு வித்தியாசம் நூற்றுக்கு முப்பது தடவை தற்செயலாகவே வரும், அது ஐந்து தடவைக்குக் கீழே இறங்கினால்தான் உங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் நம்புவார்கள் என்றீர்கள். புரிகிறது. நான் முட்டாள் இல்லை. ஒரே ஒரு லோடைப் பார்த்து, இந்தத் தொழிற்சாலை சரக்கு நல்லது, அது மட்டம் என்று நானும் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் மேஜைக்கு எண்பது பேராவது இருந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்பதை, என் வாயைத் திறக்க வைப்பதற்கு முன்னால் அல்லவா கணக்குப் போட்டிருக்க வேண்டும்? பன்னிரண்டு பேரைப் பாராட்டியதற்கே இந்தக் கதி! இதில், பக்கத்துக் குடோன் ஆட்களையும் சேர்த்து மறுபடி செய்யலாம், அதுவரை பெரியக்காவிடம் மூச்சு விடாதீங்க என்று வேறு! அவர் இல்லாத குடோனில் நீங்கள் எதை எண்ணுவீர்கள், உடைந்த டம்ளரையா?

கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்குள் நீங்களே நேரில் வந்து பெரியக்காவிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். உங்கள் கட்டுரையில் மூன்று பெட்டி கூடியது என்று எழுதுங்கள். கொடுத்த வாக்குக்காக அதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும், என் குடோனுக்குக் கொஞ்சம் தள்ளியே, நன்றாக வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்னால் வாக்கை மீறிவிட்டேன். காலையில் பெரியக்கா முன்னால் போய் நின்று, "நீங்க இல்லன்னா இந்தக் குடோனே இல்ல" என்றேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல், என் கையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தை வாங்கி, அதையே ஒரு டம்ளருக்குச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "மொதலாளி இப்பத்தான் நாலு நல்ல வார்த்தை பேசப் பழகுறாரு, அந்த மேஜை பின்தங்கிட்டா மறுபடி வாயை மூடிக்குவாருன்னு நாங்கதான் தினமும் முப்பத்தாறு பெட்டியை அவங்க பேர்ல தள்ளி விட்டோம். என்னைக்காவது இந்தப் பக்கமும் திரும்புவீங்கன்னு பார்த்தேன்."

முப்பத்தாறைப் பன்னிரண்டால் வகுத்து, அங்கே கழித்து இங்கே கூட்டிப் பாருங்கள். உங்கள் சராசரி தலைகீழாகிறது. அதற்காக, பாராட்டாமல் விட்டால் மூன்று பெட்டி கூடும் என்று எழுதிவிடாதீர்கள், அந்த மூன்றும் நீங்கள் வித்தியாசமே இல்லை என்ற அதே மூன்றுதான். நேரில் வரவும் வேண்டாம். இன்று இருபத்து நான்கு பேரையும் பாராட்டிவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இனி உங்களுக்கு இங்கே ஆள் கிடையாது.