படத்தில் இருக்கும் பதினான்கு பேர்

எல்லோரும் சௌக்கியம்தானே? முட்டிவலி, மூச்சிரைப்பு ஒன்றும் இல்லையே? இருந்தாலும் கவலை வேண்டாம். மனித குலத்தின் சகல நோய்களுக்கும் மருந்து ஒரு நகரத்தில் கட்டி முடித்தாகிவிட்டது: பதினெட்டு மாடி அலுவலக வளாகம், நடுவில் 'பொதுமக்கள் பசுமை வெளி'!

அந்தப் புனித வெளிக்கு ஒரு காவலாளி. காலி மனையாகக் கிடந்த நாளிலிருந்தே மதியம் ஒரு மணிக்கு மனைவி தூக்குச்சட்டியோடு வருவாள். இருவரும் அங்கேதான் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவருக்கு இரண்டே ஆசை. வேலை நிரந்தரமாக வேண்டும். அந்தச் சாப்பாடு விட்டுப்போகக் கூடாது.

அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில், அழகுக்காகப் பதினான்கு மனிதர்களை ஒட்டியிருந்தார் கட்டடக் கலைஞர். நாயோடு ஒருவர், பலூனோடு ஒரு குழந்தை, பெஞ்சில் சிரிக்கும் ஒரு பெண் என்று. படத்தின் மேல் 'அனுமதிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. விழுந்தால் விழுந்ததுதான். 'மரம் பதினொன்று, பெஞ்சு நான்கு, பொதுமக்கள் பதினான்கு' என்று மேலாளர் பட்டியல் போட்டார். புல் படத்துப் பச்சைக்கு வரவில்லை என்று பெயிண்டர் வந்தார்.

"படத்துல இல்லாத ஆள் ஒருத்தர் உள்ள இருந்தாலும் ஆய்வுல தேறாது. அப்புறம் உங்க வேலையும் நிரந்தரம் ஆகாது, பாத்துக்குங்க" என்றார் மேலாளர், காவலாளியிடம்.

மதியம் மனைவி வந்தாள்.

"உள்ள வராத. படத்துல நீ இல்ல."

"நம்ம கல்யாணப் படத்துல இருக்கேனே, அது செல்லாதா?"

"அதுல முத்திரை இல்லடி!"

ஆய்வு நாள் வந்தது. அலுவலக ஊழியர்களையே பிடித்துப் 'பொதுமக்கள்' ஆக்கியிருந்தார்கள். கணக்குப் பிரிவு அதிகாரி, மீசையும் தொப்பையுமாக, பலூன் பிடித்துக் குழந்தையாக நின்றார். பெஞ்சில் சிரிக்க வேண்டிய பெண்ணுக்கு மட்டும் அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல்.

வாசலில் தூக்குச்சட்டியோடு நின்ற காவலாளியின் மனைவியிடம் மேலாளர் ஓடினார். "அம்மா, கொஞ்சம் உள்ள வந்து சிரிங்களேன்!"

"எதுக்குச் சிரிக்கணும்?"

"என் வேலைடி" என்று கெஞ்சினார் காவலாளி.

அவள் போய் உட்கார்ந்தாள். பலூன் அதிகாரியைப் பார்த்தாள். சிரிப்பு தானாக வந்தது.

ஆய்வாளர் எண்ணினார். "பதினாலு. சரியா இருக்கு. ஆனா படத்துல கைப்பைதான இருக்கு, இது என்ன சட்டி?"

"சாப்பாடு வைக்கிற கைப்பைங்க" என்றாள் அவள்.

தேறியது. காவலாளி நிரந்தரமானார். மறுநாளே, 'பொதுமக்களைப் பராமரிப்பது சிரமம்' என்று பதினான்கு பேரையும் ஆளுயர அட்டையில் வெட்டி நட்டுவிட்டார்கள். அந்த அட்டைகளை மனிதர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது அவருடைய உத்தியோகம். பெஞ்சில் அட்டைப் பெண் சிரிக்கிறாள். ஒரு மணிக்கு அவரும் மனைவியும் வேலிக்கு வெளியே, நடைபாதையில், சாப்பிடுகிறார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படியொரு பொதுவெளி வந்திருக்குமே? எந்த வேலிக்கு வெளியே உட்கார்ந்து அதை அனுபவிக்கிறீர்கள், உள்ளே உங்கள் இடத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.