குஸ்குஸில் வெண்ணெய்

"உங்க வீட்டுல வெள்ளிக்கிழமை குஸ்குஸுக்கு என்ன போடுவீங்க?"

ஜெபக்கூடக் கதவிலிருந்த சிறு ஜன்னல் வழியாக ஃப்ராஜி கேட்டான். வெளியே கையில் பையோடு நின்ற வெளியூர் மனிதர் யோசிக்கவேயில்லை.

"நல்ல ஆட்டுக்கறி. மேல கை நிறைய வெண்ணெய்."

ஃப்ராஜி ஜன்னலைப் படாரென்று சாத்தினான். குஸ்குஸ் ரவையில் கறியோடு வெண்ணெயா! எந்த யூத வீட்டு அடுப்பிலாவது இந்தக் கூத்து நடக்குமா?

போன வருஷம் யாரோ ஜெபக்கூடத்துக் கதவுக்குத் தீ வைக்கப் பார்த்ததிலிருந்து இந்த ஏற்பாடு. கதவைச் சாத்தியபின் வெளியேயிருந்து யார் வந்தாலும் கேள்வி உண்டு. சரியான பதில் வந்தால்தான் தாழ்ப்பாள் திறக்கும். வாசலில் காவல் நிற்கும் முஸ்லிம் போலீஸ்காரன் நூமானிடம்கூட, "நீ துப்பாக்கியப் பாத்துக்க, ஆளுங்கள நான் பாத்துக்கறேன். வர்றவங்ககிட்ட நீ வாயே திறக்கக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்தான். தன் ஏற்பாட்டைப் பற்றி அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

இன்றைக்கென்று பார்த்து அவன் அம்மாவின் நினைவு நாள். பொழுது சாய்வதற்குள் அவளுக்காகக் கதிஷ் சொல்லியாக வேண்டும். பத்து யூத ஆண்கள் கூடாமல் அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாது. ஃப்ராஜியையும் சேர்த்து உள்ளே இருந்ததோ ஒன்பது பேர்.

"டேய், பயத்துல உளறியிருப்பான். இன்னொண்ணு கேட்டுப் பாரு" என்றார் ஜெபம் நடத்தும் கிழவர் கமூஸ்.

ஃப்ராஜி மறுபடி ஜன்னலைத் திறந்தான். "ஹனுக்கா பண்டிகை கடைசி ராத்திரி எத்தனை விளக்கு எரியும்?"

"ஏழு."

"எட்டுய்யா, எட்டு!" என்று உள்ளேயிருந்து கத்தினார் கமூஸ்.

"ஒன்பது!" என்று எழுந்தார் மசாலாக் கடை பீஷி. "மத்ததையெல்லாம் ஏத்துற விளக்கு என்ன ஆச்சு?"

"அது வேலைக்கார விளக்கு. கணக்குல வராது."

"வேலைக்காரன்னா கணக்குல சேக்க மாட்டீங்களோ? உங்க அப்பாவும் இப்படித்தான்!"

"எங்கப்பாவ இழுக்காதே!"

"எட்டுங்கிற ஆளு கூட நான் ஜெபம் பண்ண மாட்டேன்!" பீஷி தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். ஃப்ராஜி பழக்க தோஷத்தில் உடனே தாழ் போட்டுவிட்டான். போட்டபின்தான் உறைத்தது. இப்போது எட்டுப் பேர்.

"பீஷி அண்ணே, எங்கம்மாவுக்காக உள்ள வாங்கண்ணே!" என்று ஜன்னலில் கெஞ்சினான்.

"அவ கையால சாப்பிட்டவன்டா நான். வரேன், திற."

ஃப்ராஜியின் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. கமூஸ் அதைப் பிடித்துக்கொண்டார். "சட்டம் போட்டவன் நீதானே? கேளு. எத்தனை விளக்கு?"

"ஒன்பது!" என்றது வெளியிலிருந்து பீஷியின் குரல்.

"தப்பு! திறக்காதே!"

சுவர் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃப்ராஜிக்கு அழுகையே வந்துவிட்டது.

"எட்டோ ஒன்பதோ, நாசமாப் போகட்டும்! இந்த ஊருல எங்கம்மா யாருக்குச் சோறு போடாம அனுப்பினா? அவளுக்கு ஆமென் சொல்லப் பத்துப் பேரு சேர வக்கில்லையே!"

ஜன்னலில் அந்த வெளியூர்க்காரரின் முகம் தெரிந்தது. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு விளக்கு, ஏத்தி வைக்க ஒண்ணு. ரெண்டு பேரும் சொல்றது சரிதான். கறி இருந்தா வெண்ணெய் கிட்டயே வரக்கூடாது. சின்ன வயசுல அதுக்காக எங்கம்மாகிட்ட அடியே வாங்கியிருக்கேன். பேரு நிசீம், பிரான்ஸ்ல மார்செய்ல இருக்கேன். இப்பத் திறங்க தம்பி, பொழுது போகுது."

ஃப்ராஜி வாயைப் பிளந்தபடியே திறந்தான். நிசீம் பையிலிருந்து பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பீஷியின் தோளில் கைபோட்டபடி உள்ளே வந்தார். கதிஷ் சொல்லும்போது ஃப்ராஜியின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பதிலுக்கு எழுந்த ஆமென்களிலேயே நிசீமின் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

பிறகு அத்திப்பழச் சாராயமும் அவித்த முட்டையும் சுற்றி வந்தன. கமூஸும் பீஷியும் ஒரே தட்டில் சாப்பிட்டபடி விளக்குச் சண்டையைத் தொடர்ந்தார்கள். ஃப்ராஜிக்கு மட்டும் மண்டை குடைந்தது. இரண்டு முட்டையை எடுத்துக்கொண்டு நூமானிடம் போனான்.

"ஏண்டா நூமான், அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குத் தப்புத் தப்பாச் சொன்னாரு?"

நூமான் முட்டையை உரித்தான். "பாவம், வந்ததுமே அவருக்குச் சந்தேகம்ணே. பேர்ப் பலகை இல்ல, கதவு சாத்தியிருக்கு, சத்தமும் இல்ல. இது நெஜமாவே யூத ஜெபக்கூடம்தானான்னு எங்கிட்ட கேட்டாரு. நீங்கதான் வாயத் திறக்கக் கூடாதுன்னிருக்கீங்களே, நான் பேசல."

"அப்புறம்?"

"'சரி, நானே சோதிச்சுக்கறேன். வேணும்னே தப்பாச் சொல்லுவேன், உள்ள சண்டை வரலேன்னா இது நம்ம ஆளுங்க இடம் இல்ல, ஓடிடுவேன்'னாரு."