நாலு கேமராவும் ஒரு சபதமும்

ஏணியின் ஐந்தாவது படியில் நின்றபடி, இருபத்து நான்கு எழுத்துப் பாஸ்வேர்டை நான்காவது தடவையாக போனில் அடித்து முடித்தார் சர்க்குலர் சார். கேட் தூணில் இருந்த கேமரா அதை நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டு, "கனெக்‌ஷன் ஃபெயில்ட்" என்றது. பெண் குரல். அதில் துளிகூட வருத்தம் இல்லை.

சர்க்குலர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, அலுவலகம் வைத்தது. ஒரு பெரிய கிடங்கில் அவர் நிர்வாக மேலாளர். கைகழுவும் குழாயை மூடுவது எப்படி என்று ஏழு அம்சங்களில் சுற்றறிக்கை விட்டவர். பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்றும் ஒன்று விட்டிருந்தார்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி, நட்சத்திரம். நேற்று வீட்டுக்குப் புது இன்டர்நெட் வந்ததும் அதன்படியே ஒன்றை வைத்தார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. அடிக்கவும் முடியாது என்பது இன்று காலைதான் தெரிந்தது.

"பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வெச்சிருந்தா கேமரா தானா புடிச்சுக்கும்னு அந்த இன்டர்நெட்காரர் சொன்னாரா இல்லையா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் மனைவி. கணக்கு டீச்சர். வீட்டிலும் தெருவிலும் டீச்சர்தான்.

"புது வீட்டுக்கு யாராவது பழைய பூட்டைப் போடுவாங்களா?"

"வீடு பழசுதானேங்க? பூட்டுதானே புதுசு?"

கணக்கு டீச்சரிடம் உவமை சொல்வது தப்பு.

உண்மையில் பழைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. அதை வைத்தவர் மைத்துனர், டீச்சரின் தம்பி. நாலு கேமராவையும் மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான். பதினான்கு மாதங்களுக்கு முன்பு, வேலை முடிந்த கையோடு, அலுவலக விருந்தாளிகள் பத்துப் பேர் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது, ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே மைத்துனர் ஒரு வார்த்தை சொன்னார்:

"மாமா, எல்லாம் ஓகே. இதுல நீங்க மட்டும் கை வெச்சுடாதீங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அதில் மூன்று பேர் சர்க்குலர் சாருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்.

அன்று அவர் எழுந்து நின்று சபதம் செய்தார். "என் வீட்டை எனக்குப் பாத்துக்கத் தெரியும். உன் தயவு வேண்டாம். இனிமே நீ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதே!"

மைத்துனரும் ரோஷக்காரர். அதோடு பேச்சு நின்றது.

இப்போது சிக்கல் என்னவென்றால், மறுநாள் காலையில் ரயில். வேலை கிடைத்து வெளியூர் போன மகளை ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போகிறார்கள், ஒரு வாரத்துக்கு. "நாலு கேமராவும் ஓடாம இந்த வீட்டைப் பூட்டிட்டு நான் வர மாட்டேன்" என்று சர்க்குலர் சார் அறிவித்திருந்தார்.

"சரி. அப்பா கேமராவுக்குத் துணையா வீட்டுல இருக்காருன்னு பொண்ணுகிட்ட சொல்லிடறேன்" என்று டீச்சர் ஒரே ஒரு பெட்டியை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

"ஒரு ஊக்கு குடு!" என்று ஏணியிலிருந்து உத்தரவு வந்தது.

கேமராவின் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஊக்கை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் பழசெல்லாம் மறந்து புதிதாய்ப் பிறக்கும் என்று கையேட்டில் இருந்தது. அழுத்தினார். பிறந்தது. ஆனால் வேறொரு நாட்டில் பிறந்துவிட்டது. இதுவரை ஆங்கிலத்தில் அலட்சியப்படுத்தியது, இப்போது யாருக்கும் தெரியாத ஒரு மொழியில், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தியது.

வாசலில் பார்சலோடு வந்து நின்ற கூரியர்காரர், "சார், வீட்ல ஏதும் பிரச்சினையா? அப்புறம் வரட்டுமா?" என்றார்.

"கேமராங்க! கேமரா பேசுது!"

"சரிங்க சார். அவங்க அமைதியானதும் வந்து தர்றேன்" என்று கூரியர்காரர் வண்டியைக் கிளப்பினார்.

மற்ற கேமராக்களாவது ஒழுங்காகப் பேசட்டும் என்று மாடிப்படி, கொல்லைப்புறம், ஹால் மூன்றிலும் ஊக்கை விட்டார். நாலும் ஒரே மொழியில், ஒரே சமயத்தில், ஒன்றையொன்று அதட்டிக்கொண்டன.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். இருபது நிமிட இசைக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள்.

"கேமராவை இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்துல கொண்டு வந்து செட் பண்ணுங்க சார். அப்புறம் கொண்டுபோய் மாட்டிக்கலாம்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"இப்பத்தானே சார் போன் பண்ணீங்க?"

நாலையும் கழற்றினார். கேட் கேமராவோடு தூணின் பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து வந்தது. மாடிப்படிக் கேமராவோடு அழைப்பு மணியின் ஒயரும் வந்தது. ஸ்குரூக்களைத் தனித்தனியாகப் பேப்பரில் மடித்து, எண் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் ஓட்டை. அதற்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை.

டீச்சரின் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு நாலு கேமராவையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக உட்கார வைத்தார். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். பன்னிரண்டு மணிக்குள் வகுப்பு முழுவதற்கும் மார்க் ஏற்றியாக வேண்டும்.

"புதுப் பெட்டியில ரெண்டு அலைவரிசை வரும் சார்" என்றாள் போனில் அந்தப் பெண். "ஒண்ணு வேகமானது, ஒண்ணு மெதுவானது. கேமரா மெதுவானதைத்தான் புடிக்கும். வேகமானதைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க."

சர்க்குலர் சார் போனில் எதையோ தட்டி, எதையோ அணைத்தார்.

"என்னங்க!" டீச்சரின் குரல் மாறியிருந்தது. "எதை அணைச்சீங்க? முப்பத்தெட்டாவது பையனுக்கு எழுபதுன்னு அடிச்சேன். ஏழு மட்டும் ஏறி அப்படியே நிக்குது!"

"ரெண்டு நிமிஷம் பொறு."

"நான் பொறுப்பேன். அவங்க அம்மா பொறுக்க மாட்டாங்க."

அணைத்ததைத் திரும்பப் போட வழி தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்டது. இருபத்து நான்கில் பதினேழாவது எழுத்து நட்சத்திரமா ஆச்சரியக்குறியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்டர்நெட் பெட்டியைத் திருப்பினார். அதன் முதுகிலும் ஒரு சின்ன ஓட்டை. கையில் ஊக்கு இருந்தது.

"வேண்டாங்க" என்றார் டீச்சர்.

அதற்குள் அழுத்திவிட்டார்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாக மீண்டும் எரிந்தன. வைத்த பெயர், வைத்த பாஸ்வேர்டு எல்லாம் போயே போய்விட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். கம்பெனிக்காரன் வைத்த பாஸ்வேர்டு. எட்டே எட்டு எழுத்து. வேறு வழியின்றி அதை அடித்தார்.

நாலு கேமராவும் ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கைக் காட்டின. மொழி புரியாவிட்டாலும் வெற்றி என்று குரலிலேயே தெரிந்தது.

"பாத்தியா?" என்று எழுந்து நின்றார். "விடாமுயற்சி! ஒருத்தன் தயவு இல்லாம!"

"எட்டு எழுத்துல முடிஞ்சிருக்கு" என்றார் டீச்சர், ஏழு மார்க்கை எழுபதாகத் திருத்திக்கொண்டே.

வெற்றியைப் பார்க்க போனைத் திறந்தார். படம் வரவில்லை. ஓர் அறிவிப்புதான் வந்தது: இந்தக் கருவிகள் ஏற்கெனவே வேறொரு கணக்கில் உள்ளன. உரிமையாளரின் அனுமதி எண், 07 என்று முடியும் கைபேசி எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

"எவன் அவன் சைபர் ஏழு?" என்று கத்தினார். "என் கேமராவை எவனோ திருடிட்டான்!"

டீச்சர் தலையைத் தூக்கவேயில்லை. "அது என் தம்பி நம்பர்."

சர்க்குலர் சார் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கேமராக்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

மறுபடியும் வாடிக்கையாளர் சேவை. மறுபடியும் இசை.

"சிஸ்டத்துல அவர்தான் சார் ஓனர். அவர் அனுமதி குடுத்தாத்தான் படம் வரும்."

"வீடு என்னோடது! சுவர் என்னோடது! கேமரா என்னோடது!"

"நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

"அவனோட அக்கா வீட்டுக்காரன்."

"அட, அப்ப வீட்டு விஷயம்தானே சார்! ஒரு போன் போட்டு வாங்கிக்கங்க. இன்றைய நாள் இனிமையாக அமையட்டும்."

சர்க்குலர் சார் சோபாவில் சாய்ந்தார். மணி ஒன்று. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் சபதம். கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து தொண்டையைச் செருமினார்.

"உன் தம்பிகிட்ட நீ பேசறது உன்னோட தனிப்பட்ட உரிமை. அதுல நான் எப்பவும் தலையிட்டதில்ல."

"சரிங்க."

"நீ பேசறப்போ நான் மொட்டைமாடியில இருப்பேன். எனக்கு எதுவும் தெரியாது."

"சரிங்க."

"ஆறு இலக்க எண். மெதுவாக் கேட்டு எழுதிக்கோ."

மொட்டைமாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து நிமிடம் நின்றார். இறங்கி வந்தபோது டீச்சர் ஒரு மாதிரி குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் சொன்னானா?"

"இல்லைங்க. கேமரா வேலை செய்யலன்னு ஆரம்பிச்சதுமே, 'நானும் நேத்திலிருந்து அதையேதான்க்கா நினைச்சுக்கிட்டிருந்தேன், போன்ல எதுக்கு, நேர்லயே வந்து மாட்டிக் குடுத்துடறேன்'னு வெச்சுட்டான். குடும்பத்தோட வர்றானாம்."

சர்க்குலர் சாரின் முகம் மெல்ல மலர்ந்தது. "வர்றானா? அவனா? தானாவா?"

"ஆமாங்க."

"சரணாகதி!" என்றார். உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். சோபாவின் நடுவில், இரண்டு பக்கமும் கை வைத்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறவர்களுக்கு அப்படி உட்கார்ந்தால்தான் வசதி.

கால் மணியில் வந்துவிட்டார்கள். மைத்துனர் கையில் டிரில்லிங் மிஷின், ஸ்குரூ டப்பா, பூச்சு அடைக்கப் பசை எல்லாம் இருந்தன. பின்னால் அவர் மனைவி. அவளுக்கும் பின்னால் அவளுடைய அம்மா. போன வருஷம்தான் மகள் வீட்டோடு வந்துவிட்டவர், இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதல் முறையாகக் கால் வைக்கிறார்.

"மாமா, அன்னைக்கு நான் பேசினது தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மைத்துனர், செருப்பைக் கழற்றும்போதே.

சர்க்குலர் சார் இதற்கு ஒரு நீண்ட பதிலைத் தயாராக வைத்திருந்தார். அதற்குள் மைத்துனர் ஏணியில் இருந்தார். பன்னிரண்டே நிமிடம். கேட்டில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, கொல்லையில் ஒன்று. மொழியும் ஆங்கிலத்துக்குத் திரும்பியது. பெயர்ந்த பூச்சைக்கூட அடைத்துவிட்டார்.

ஹால் கேமராவுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. மைத்துனரின் மனைவி கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்புங்க... சோபா முழுசா வரணும்... ஆங், கண்ணாடியும் வரட்டும்... அவ்வளவுதான்" என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி பொண்டாட்டிக்குப் பாதுகாப்பு உணர்வு அதிகம்" என்று சர்க்குலர் சார் டீச்சரின் காதில் பாராட்டினார்.

போனில் நாலு படமும் வந்தன. ரயில் உறுதியானது. டீச்சர் இரண்டாவது பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

"தம்பி, அப்படியே அந்தக் கணக்கையும் இவர் பேருக்கு மாத்திக் குடுத்துடேன்" என்றார் டீச்சர்.

"அது எதுக்குக்கா?" மைத்துனர் அவசரமாக மறுத்தார். "என் பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு மறுபடி ஏதாவதுன்னா மாமா வெயில்ல ஏணி ஏறக் கூடாது பாருங்க."

சர்க்குலர் சார் நெகிழ்ந்துவிட்டார். வென்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். "இருக்கட்டும் டீச்சர். பையன் ஆசைப்படறான்" என்று கையை உயர்த்தினார். எல்லோருக்கும் காபி வந்தது. தயாராக வைத்திருந்த உரை வீணாகக் கூடாது என்று சோபாவின் முன்னால் எழுந்து நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். பாதுகாப்புங்கறது கருவியில இல்ல, கட்டுப்பாட்டுல இருக்கு. பதினாலு மாசம் இந்த வீட்டை நான் ஒத்தை ஆளாக் காவல் காத்திருக்கேன். வெளியாள் ஒருத்தரோட கண்ணு இந்த ஹாலுக்குள்ள பட்டதில்ல. படவும் விட்டதில்ல!"

மைத்துனர் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா, வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவர், சர்க்குலர் சாரை மேலிருந்து கீழ்வரை அன்பாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நேர்ல ஒல்லியாத்தான் இருக்கீங்க தம்பி, எங்க வீட்டு டிவியில நீங்க பனியனோட எக்சர்சைஸ் பண்றப்போதான் தொப்பை அவ்வளவு பெருசாத் தெரியுது."