சூடம் அடித்த தலைவர்

பாலத்துக்கு அடியில் பதுங்கியிருந்த சிப்பாய்களைப் பத்துமலை ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ அவன் தோளைத் தட்டினார்கள்.

"இருங்கடா, இந்த ஹெலிகாப்டர் போயிரட்டும்" என்றான், திரும்பாமலே.

"போகட்டும். நான் நிக்கிறேன்" என்றாள் அவன் மனைவி முத்தம்மா.

ஹெலிகாப்டர் போகவில்லை. அது போட்ட குண்டில் பத்துமலையின் சிப்பாய்தான் கையைக் காலை உதறிக்கொண்டு விழுந்தான். பத்துமலை வாரக்கணக்கில் மல்லுக்கு நிற்கும் ஹெலிகாப்டர் அது. அதை வீழ்த்தினால் அடுத்து என்ன வரும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் செத்துவிடுவோமோ என்ற பயம்கூடச் சில நாள் வந்ததுண்டு.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவர் புதிதாகத் திறந்திருந்த வீடியோ கேம் கடை அது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது மட்டும் மீசையில் நரை விழுந்த பத்துமலை. சோடா கம்பெனியில் லோரி ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

அகப்பட்டுக்கொண்டவனுக்கு வாய்தானே துணை? பத்துமலை எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பிள்ளைங்க இங்க வந்து என்னத்த ஆடுதுங்கன்னு சோதிக்க வந்தேன் முத்து. பாத்தியா அநியாயத்த? பூரா சுடுறதும் கொல்றதும். பதினெட்டு வயசு ஆகாத யாரையும் இந்தக் கடைக்குள்ள விடவே கூடாது."

முத்தம்மா மெஷினைப் பார்த்தாள். வியர்த்திருந்த அவன் கையைப் பார்த்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ரொம்பச் சரி. அப்ப நீங்களே முன்ன நின்னு அதச் செய்யுங்க" என்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூடிவிட்டது. கூட்டியவள் முத்தம்மா.

கூட்டத்தில் அப்பாவு வாத்தியார் மட்டும் எழுந்து எதிர்த்துப் பேசினார். விளையாட்டில் சாகிறவன் நிஜமாகச் சாகிறானா என்று கேட்டார். முனியாண்டிக்கு ஆடு வெட்டும்போது முன்வரிசையில் நிற்பது யார், இதே பிள்ளைகள்தானே, அதைப் பார்த்து எந்தப் பிள்ளை கெட்டுப்போனது என்றும் கேட்டார். கூட்டம் கொஞ்சம் ஆடிப்போனது. அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

"ஆட்ட வெட்டுனா கறி இருக்கு வாத்தியாரே. அந்த மெஷின்ல வெட்டுப்பட்டவன யாரு தின்னுறது?" என்றாள் முத்தம்மா.

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். சங்கம் அமைந்தது. ஒருமனதாகப் பத்துமலை தலைவன் ஆனான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்துமலையின் அப்பா கித்தா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். மேற்பார்வை பார்த்த மண்டோர் அவரைச் சாகும்வரை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டான். பத்துமலையைக் கம்பெனியில் 'லோரி' என்று கூப்பிடுவார்கள், ஏதோ அவனுக்கும் நாலு சக்கரம் இருப்பதுபோல. அப்படிப்பட்டவனை அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் நாலு பெரிய மனிதர்கள் "வாரோம் தலைவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தப் பேரை உயிர் இருக்கிறவரை விடக்கூடாது என்று நினைத்தான். அந்த ஹெலிகாப்டரையும் விடக்கூடாது என்று கூடவே நினைத்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

சங்கத்தார் ஊர்வலமாகப் போய்த் தவுக்கேயைப் பார்த்தார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தால், அந்த மனிதர் சிரித்த முகமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியில் பலகை மாட்டுவதாகச் சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள்தான் அவருக்கு. சங்கத்தில் ஆளாளுக்கு உள்ளே வந்து விசாரித்தால் வியாபாரம் நடக்காது. தலைவர் ஒருவர் மட்டும் வந்து சோதித்துக்கொள்ளட்டும்.

பத்துமலைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தினமும் வந்து சோதிப்பதாக வாக்குக் கொடுத்தான். பிள்ளைகள் இல்லாத கடை, காலியான மெஷின், கேள்வி கேட்க ஆள் இல்லாத பதவி. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

முத்தம்மா அவனை நேராக முனியாண்டி கோயிலுக்கு அழைத்துப் போனாள்.

"ஆட்டுக்குக் காவல் நரியான்னு நாலு பேரு கேட்டுறக்கூடாது பாருங்க. கேம் கடைக்குள்ள காலு வைக்க மாட்டேன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணிருங்க" என்றாள்.

"சோதிக்கப் போகணுமே முத்து?"

"வாசல்ல நின்னு சோதிங்க."

ஊரே சுற்றி நின்றது. முனியாண்டி கண்ணை உருட்டிக்கொண்டு அரிவாளோடு நின்றார். பத்துமலை, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கை சுட்டதைவிட மனசு அதிகமாகச் சுட்டது.

அடுத்த சில நாள் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாசலில் நின்றாலே கால் உள்ளே இழுக்கும் என்று, சோதிக்கக்கூட அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கட்டைவிரல் தானாக ஹார்னை அமுக்கியது. மேலே நிஜ ஹெலிகாப்டர் ஒன்று பறந்தபோது லோரியை ஓரம் கட்டிவிட்டு முறைத்துப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரி உதவியாள், கெலிண்டான் கார்த்திகேசு, எதுவும் கேட்காமல் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். சோடாப் பெட்டி ஏற்றி இறக்குகிற அந்தக் கார்த்திகேசு முத்தம்மாவுக்குப் பெரியம்மா மகன், ஐம்பதைத் தாண்டியவர். வாயைத் திறந்து பேசினால் கச்சான் வீணாகிவிடும் என்று நினைக்கிற ஆள்.

கடைசியில் பத்துமலைக்கு ஒரு வழி தோன்றியது. பூசாரி இராமசாமியிடம் போய், நம் முனியாண்டிக்கு எல்லை எதுவரைக்கும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான். திருவிழாவில் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டு எல்லை கட்டுகிறோமே, அந்தப் பாலம் வரைக்கும்தான் என்றார் பூசாரி. அதற்கு அந்தப் பக்கம்?

"அங்கிட்டு வேற சாமிலா. நம்ம ஆளு அடுத்த எல்லைக்குள்ள மூக்க நுழைக்க மாட்டாரு" என்றார் பூசாரி.

பத்துமலை முனியாண்டிக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் சுருட்டும் வாங்கி வைத்துவிட்டு, மறுநாளே பாலத்தைத் தாண்டிக் கோப்பெங்குக்கு லோரியை விட்டான்.

கோப்பெங் கடையில் அதே மெஷின் இருந்தது, அதே ஹெலிகாப்டரும் இருந்தது. இரண்டு ஆட்டம்தான் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டு வந்த காளியம்மா என்ற தாயார் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். லகாட் கூட்டத்துக்குத் தங்கச்சி வீட்டிலிருந்து வந்தவளாம்.

"லகாட் தலைவர்தான நீங்க? எங்க ஊருப் பிள்ளைங்களுக்காகவும் சோதிக்க வந்தீங்களா அண்ணே?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

அழுகிற பொம்பளையிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றான். அந்த வாரமே கோப்பெங்கில் ஒரு சங்கம் முளைத்தது. பத்துமலை போய்ப் பேசினான். உண்மையில் நன்றாகவே பேசினான். சிப்பாய் எந்த மூலையிலிருந்து வருவான், குண்டு எத்தனை முறை விழும் என்று அவன் விவரித்த நுணுக்கத்தில் தாய்மார்கள் பிள்ளைகளை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் மாலை வந்தது. மாலைக்குப் பின்னாலேயே சூடமும் வந்தது. லகாட்டில் அடித்தவர் கோப்பெங் அம்மனுக்கு முன்னால் அடிக்காமல் போனால் அம்மனுக்கு மரியாதை என்ன ஆவது?

கோப்பெங்கும் கையைவிட்டுப் போனது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் மாலையும் மீசையுமாக அவன் படம் வந்துவிட்டது.

ஈப்போவுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனான். பெரிய ஊர், யாருக்கு யாரைத் தெரியப்போகிறது? ஆனால் கடை வாசலில் ஒருவன் கையை நீட்டி அடையாள அட்டையை, ஐசியை, கேட்டான். நரைத்த மீசையைத் தடவிக் காட்டியும் விடவில்லை. லகாட்டில் யாரோ பத்துமலையாம், அந்த மனிதர் கிளப்பிவிட்டதிலிருந்து எல்லாருக்கும் ஐசி பார்க்கச் சொல்லித் தவுக்கே உத்தரவாம். பத்துமலை பல்லைக் கடித்துக்கொண்டு ஐசியைக் கொடுத்தான். அதிலிருந்த பேரைப் படித்தவன் உள்ளே ஓடினான். மெஷின்கள் எல்லாம் பட்பட்டென்று அணைந்தன. தவுக்கேயே கோப்பி கலக்கிக்கொண்டு வந்து, சோதனை திருப்தியா என்று பயபக்தியோடு கேட்டார். திருப்தி என்று சொல்லித் தொலைத்தான். அதற்குள் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், முத்தப்பன் என்ற செட்டியார், விஷயம் கேள்விப்பட்டு வந்து எதிரிலிருந்த மாரியம்மன் கோயிலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

உள்ளங்கை காய்த்துப் போயிற்று. ஊர் ஊராகத் தலைவர் என்றார்கள். பத்துமலை மட்டும் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வாடினான். சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. பிள்ளைகளுக்காக இவர் எப்படி உருகுகிறார் பாருங்கள் என்று ஊர் மெச்சியது.

கம்பெனியில் கடலோரத்து லூமுட் ரூட் யாருக்கும் பிடிக்காது. போக வர முதுகு ஒடிந்துவிடும். பத்துமலை அதைக் கேட்டு வாங்கினான். படகுத் துறைக்குப் பக்கத்தில், மீன் வாடைக்கு நடுவில், ஒரு சின்னக் கடையில் அந்த மெஷின் இருப்பதைத் துப்பு விசாரித்து வைத்திருந்தான். லோரியை நிறுத்தினான். கார்த்திகேசைக் கச்சானோடு விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினான். ஐசி கேட்கவில்லை. பத்திரிகைப் படத்தைப் பார்த்தவர்களும் இல்லை. நாலைந்து உள்ளூர்ப் பிள்ளைகள்தான் மெஷினைச் சுற்றி நின்றார்கள். பத்துமலை அவர்களை முழங்கையால் விலக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஒரு ஆட்டம் பத்து ஆட்டம் ஆனது. "மாமா, எங்களுக்குக் குடுங்க மாமா" என்று பிள்ளைகள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசி, இதுதான் கடைசி என்று சொல்லிச் சொல்லி அடுத்த காசைப் போட்டான். சிப்பாய்கள் விழுந்தார்கள், பாலம் விழுந்தது. ஹெலிகாப்டர் வந்தது, கீழே இறங்கியது, குண்டு வாங்கியது, தீப்பிடித்துச் சாய்ந்து வெடித்தே விட்டது. பத்துமலைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்கு அடுத்து என்ன வந்தது தெரியுமா? முதலிலிருந்து அதே சிப்பாய்கள் வந்தார்கள். அதனால் என்ன, வரட்டும் என்று அவர்களையும் சுட ஆரம்பித்தான்.

கார்த்திகேசு உள்ளே வந்து பக்கத்தில் நின்றார்.

"போலாம் மச்சான். நேரமாச்சு."

"இருங்க மச்சான்" என்றான் பத்துமலை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு ஊருப் பிள்ளைங்கள இந்தச் சனியன்லேருந்து காப்பாத்தியிருக்கேன். எனக்குன்னு ஒரு நாள் ஆடக்கூடாதா?"

கார்த்திகேசு கையிலிருந்த கச்சானை முழுவதும் மென்று விழுங்கினார். பிறகு சொன்னார்.

"சீக்கிரம் எந்திரிங்க மச்சான், இந்தப் பிள்ளைங்களும் உங்க வீடு எங்க, சம்சாரம் பேரு என்னான்னு என்கிட்ட கேக்குதுங்க; லகாட் பிள்ளைங்களும் இப்படித்தான், மெஷின விட்டு உங்கள எழுப்ப முடியாம முத்தம்மாகிட்ட போயி அழுது, சங்கம் வச்சு சூடம் அடிக்க வைக்கச் சொல்லுச்சுங்க, இப்ப அந்தக் கடைக்குள்ள சோதிக்க வர ஆளில்லாம அதுங்கதான் நிம்மதியா ஆடுதுங்க."