சின்ன சாமியின் வாயைத் திறந்த இடி

ஒரு மனிதர் "சௌக்கியமா?" என்று கேட்டதில் மிரண்டு, ஊர்க்கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திய கதை உங்கள் ஊரில் உண்டா? எங்கள் தீவில், ட்ரியோலே கிராமத்தில் உண்டு. கரும்பு வண்டிக்காரர். பெயர் இடி. காளைகளிடம் மட்டும் காதோடு காதாகக் கொஞ்சுவார். மனிதர்களைக் கண்டால் தொண்டை தானாகப் பிளந்துகொள்ளும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை காதில் ரகசியம் சொன்னார்; பக்கத்துத் தெருவில் பெண்ணின் அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள்.

போன வருஷம் என் தம்பி வேலு, பதினாலு வயசு, பரீட்சையில் தேறவில்லை. அப்பா அவனை நடுத்தெருவில் நிறுத்தி, "நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்டா" என்றார். அன்றோடு அவன் பேச்சு நின்றது. அதே வாரம் தைப்பூசக் காவடிக்குக் கொடியேற்றினார்கள். ஊர் என்ன நினைத்தது? மௌன விரதம்!

சோற்றைத் தள்ளினால், "என்ன வைராக்கியம்!" சுவரைப் பார்த்துப் படுத்தால், "தியானம்!" காவடி முடிந்து ஊரே கறி தின்னத் தொடங்கியும் அவன் வாய் திறக்கவில்லை. 'சின்ன சாமி' ஆகிவிட்டான். கிழவிகள் காலில் விழுந்தார்கள். அப்பா மாலை மாலையாக வாங்கிப் போட்டார். மாலைக்கடியில் பையன் எலும்பாகிக்கொண்டிருந்தான். படித்த திமிரில் நான் ஏதோ விளக்கப் போனேன்.

"நாஸ்திகப் பயலே, வாய மூடு" என்றார் அப்பா.

மறுநாள் இடி எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஏன்யா, என் காளை தீனி திங்கலேன்னா அதுக்கு நான் மாலையா போடுறேன்?"

"இது விரதம்யா. மாட்டுக்காரன், ஒனக்கென்ன தெரியும்!" என்றார் அப்பா.

இடி, தெருவே அதிர, அப்பாவைப் பார்த்துக் கர்ஜித்தார்: "நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்டா!"

உள்ளேயிருந்து மாலையோடு பாய்ந்து வந்தான் வேலு. "ரெஸ் திரான்கில்! சும்மா இரு, கிழவா! எங்கப்பாவ அப்படிச் சொல்லாத!"

சொல்லிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

ஊர் கூடிக் கத்தியது: "சாமியக் கெடுத்துட்டானே பாவி!" விரதத்தைக் கலைத்த குற்றத்துக்காக இடி இனிமேல் கோயிலுக்குள் வரக்கூடாது என்று தீர்மானித்தார்கள். அப்பாவும் கை தூக்கினார். அப்பாவுக்கு இன்றும் கோயிலில் முன்வரிசை.

இந்த வருஷக் காவடிக்கு இடி மதிலுக்கு வெளியே நின்றுதான் "அரோகரா" போட்டார். உள்ளே மேளக்காரனுக்குத் தாளம் தவறியது. எனக்குக் கண் கலங்கியது.

இதோ, ஜன்னலுக்கு வெளியே கரும்பு வண்டி போகிறது. அதில் இரண்டு பேர் உட்கார்ந்து கத்திக் கத்திச் சண்டை போடுகிறார்கள். ஒருவன் என் தம்பி.