'இல்லை' சொல்லாத இயந்திரம்

எங்கள் மென்பொருள் தொழிலில் வேலை போனால், போய்விட்டது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 'திசை மாறுகிறோம்' என்போம். நான் அப்படித் திசை மாறிய வேகத்தில் நேராக மாமனாரின் பட்டுக்கடையில் போய் முட்டினேன்.

காஞ்சிபுரத்தில் என்னையும் சேர்த்து ஆறு பேரோடு நான் நடத்திய கம்பெனிக்கு (மாமனார் பாஷையில் 'மாடி ரூம்') ஒரே வாடிக்கையாளர், ஓர் அமெரிக்க நிறுவனம். எங்கள் ஆறு பேர் வேலையையும் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் ஒருநாள் கண்ணியமாகக் கடிதம் எழுதினார்கள். சரி, அதே அறிவை உள்ளூரில் விற்போம் என்று கிளம்பினேன். வெளிநாட்டுத் தமிழர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கடை சார்பில் பதில் எழுதும் இயந்திரம் ஒன்று செய்தேன். முதல் கடை மாமனாருடையது. அது சரிப்பட்டால் மற்ற கடைகளுக்கும் சொல்வதாக இருந்தார். சரிப்படாவிட்டால் மாடி ரூமைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மாப்ள, யாவாரம் பண்ற எடத்துல 'இல்ல'ன்ற வார்த்தை வரக்கூடாது. சரக்கு தீந்துபோனாக்கூட நாங்க 'நிறைய இருக்குது'ன்னுதான் சொல்லுவோம்."

நான்தான் பெரிய மேதை ஆயிற்றே. 'இருக்கா' என்று யார் எதைக் கேட்டாலும் 'இருக்குதுங்க, நிறைய இருக்குது' என்று சொல்லவும், 'இல்லை' என்ற சொல் எங்கே வந்தாலும் வெட்டியெறியவும் இயந்திரத்துக்கு உத்தரவு எழுதிவிட்டேன்.

வெள்ளோட்டத்துக்கு நான்கு கடை முதலாளிகள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கேள்வியும் பதிலும் எல்லோருக்கும் தெரியச் சுவரில் பெரிய டிவி. கனடாவிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கேட்டார்: "மயில்கழுத்துக் கலர் இருக்கா?"

"இருக்குதுங்க, நிறைய இருக்குது."

முதலாளிகள் தலையாட்டினார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன் (அத்தோடு நிறுத்தியிருக்கலாம்).

"ஜரிகையில் கலப்படம் ஏதாவது இருக்கா?"

"இருக்குதுங்க, நிறைய இருக்குது."

'மன்னிக்கவும், அது உண்மை இல்லை' என்று நானே அவசரமாகத் தட்டி அனுப்பினேன். இயந்திரம் என் உத்தரவை மீறாமல், கடைசிச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு டிவியில் போட்டது: 'மன்னிக்கவும், அது உண்மை.'

"மெஷினு நேர்மையா பேசுதுபா," என்றார் ஒரு முதலாளி.

"மாப்ள, மொதல்ல அந்த பிளக்கைப் புடுங்குங்க," என்றார் மாமனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, ஜரிகையைச் சுரண்டி அசல் ஜரிகைக்கு அடையாளமாக உள்ளே இருந்த சிவப்புப் பட்டிழையைக் காட்டி, எனக்காக அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மாடி ரூமைக் காப்பாற்றியது வெளிநாடுதான். வாங்கியதைத் திருப்பித் தர வரும் வாடிக்கையாளர்களுக்குப் பணிவாக 'இல்லை' சொல்லும் இயந்திரம் அங்கே நிறையக் கம்பெனிகளுக்கு வேண்டியிருக்கிறதாம். இப்போது ஆறு பேரும் அதைத்தான் செய்கிறோம்.

உள்ளூரில் ஒரு கடைகூடக் கிடைக்கவில்லை. வீட்டில் மட்டும் அந்தப் பழைய இயந்திரம் இன்னும் ஓடுகிறது. "என்மேல் ஏதாவது கோபம் இருக்கா?" என்று மனைவியைக் கேட்டால், கடைக்காரர் மகள் நிதானமாகச் சொல்வாள்:

"இருக்குதுங்க. நிறைய இருக்குது."